நட்சத்திர ஆமைக்குஞ்சு கண்ணில் பட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். ஐப்பசி, கார்த்திகையில் நாலு மழை விழுந்து கொழுக்கட்டைப் புல் தழைத்துவிட்டால் கிளுவை வேலியோரம் நட்சத்திர ஆமைகள் நடமாடத் தொடங்கும். அந்த நாள்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே மாதிரியானவை: “அண்ணா, ஓர் ஆமைக்குஞ்சு கிடைத்திருக்கிறது. என்ன செய்யட்டும்?” நான் கால்நடை மருத்துவர் இல்லை. இருபது ஆண்டுகளாக இந்த ஆமைகளைப் பார்த்தும், வனத்துறையினரோடும் மருத்துவர்களோடும் நின்று கற்றும் வந்தவன். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

களை பறிக்கும்போது எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய ஆமைக்குஞ்சு ஒன்று கிடைத்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வாருங்கள். பிறகு பொறுமையாகப் பாருங்கள். கண்கள் திறந்திருக்கின்றனவா? கால்களை ஊன்றி, உடலைத் தரையிலிருந்து தூக்கி நடக்கிறதா? ஓட்டில் வெடிப்போ இரத்தமோ இல்லாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தக் குஞ்சுக்கு உங்களிடமிருந்து வேண்டியது எதுவும் இல்லை. கண்ட இடத்திலிருந்து சில அடிகளுக்குள் புதர் நிழலாகப் பார்த்து வைத்துவிட்டு, அந்தப் பாத்தியில் களையெடுப்பதை மட்டும் மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள்.

இது பலருக்கு மனத்துக்கு ஒப்பாத பதில். இவ்வளவு சின்னஞ்சிறு உயிரைத் தனியாக விட்டுவிட்டு வருவதா என்று கேட்பார்கள். ‘கண்டெடுத்தோம்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. தொலைந்த பொருளைத்தான் கண்டெடுக்க முடியும். அந்தக் குஞ்சு தொலையவில்லை. அது தன் வீட்டில் இருக்கிறது; வழியில் நீங்கள் குறுக்கிட்டீர்கள்.

அதன் தாய் எங்கே? தேடி வராதா?

வராது. முட்டையிட்டுக் குழியை மூடிய அன்றோடு தாய் ஆமையின் வேலை முடிந்துவிடுகிறது. பின்னங்கால்களால் குழி தோண்டும். மண் இறுகியிருந்தால் தன் சிறுநீரை விட்டு இளக்கிக்கொள்ளும். பெரும்பாலும் இரண்டிலிருந்து பத்து முட்டைகள். மண்ணின் சூட்டைப் பொறுத்து, பொரிய ஒன்றரை மாதமும் ஆகலாம், ஆறு மாதத்தை நெருங்கவும் செய்யலாம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான். சற்றே குளிர்ந்த மண்ணில் ஆண்கள், வெப்பம் கூடினால் பெண்கள்.

குஞ்சு மூக்கு நுனியில் இருக்கும் சிறு முள் போன்ற பல்லால் ஓட்டைக் கீறிக்கொண்டு வெளியே வருகிறது. வரும்போதே முட்டைக்கருவின் மீதியை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு வருவதால் முதல் சில நாள்களுக்கு அதற்குப் பசியே இருக்காது. எங்கே ஒளிவது, எதைத் தின்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாயில்லாமல் வாழ்வதற்கென்றே பிறந்த உயிர் அது. அதை அநாதை என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

எல்லா ஆமையும் ஒன்றுதானே? எப்படி இனம் காண்பது?

ஒன்று அல்ல. இதில் தவறினால் உயிரே போகும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கால்களைப் பாருங்கள். தரை ஆமையின் கால்கள் யானைக்கால் போலத் தடித்து உருண்டிருக்கும். விரல்களுக்கிடையே சவ்வு இருக்காது, நகங்கள் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். குளத்து ஆமைக்கு விரல்கள் பிரிந்து, நடுவே சவ்வு இருக்கும். கடலாமைக்குக் கால்களே இல்லை, துடுப்புகள்தாம்.

அடுத்து ஓடு. நட்சத்திர ஆமையின் ஓடு குவிந்திருக்கும். வளர்ந்த ஆமையில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கதிர்கள் விரியும். குஞ்சில் கதிர்கள் மிகக் குறைவு, மஞ்சள் பட்டைகள் அகலமாக இருக்கும். அதனால் வேறு ஏதோ ஆமை என்று நினைத்துவிடுகிறார்கள். இன்னோர் அடையாளமும் உண்டு. பல ஆமைகளுக்குக் கழுத்துக்கு நேர் மேலே, ஓட்டின் விளிம்பில் ஒரு குட்டித் தகடு இருக்கும். நட்சத்திர ஆமைக்கு அது கிடையாது.

ஆனைமலைப் பக்கத்து ஈரக்காடுகளில் திருவாங்கூர் ஆமை என்ற இன்னொரு தரை ஆமை இருக்கிறது. அதன் ஓட்டில் நட்சத்திரம் இருக்காது. ஏரி, கண்மாய்க் கரைகளில் காணப்படும் பாலாமைக்கு ஓடு வழவழப்பாக, தோல் போர்த்தியது போல இருக்கும். அடிப்பக்கத்தில் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் மடிப்புகள் உண்டு. பச்சை நிறமும் கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கோடுமாக இருந்தால், அது கடையில் விற்கப்படும் அமெரிக்க ஆமை. அதை நம் குளங்களில் விடவே கூடாது. நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பாவம், தண்ணீருக்கு அலைகிறது போலிருக்கிறது. கிணற்றிலோ குளத்திலோ விட்டுவிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பதிலைப் படியுங்கள். நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. தண்ணீரில் விட்டால் மூழ்கிச் சாகும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாட்டுத் தொழுவத்தின் அருகே ஒரு குஞ்சைப் பார்த்தேன். ஆமை என்றால் தண்ணீரில்தான் இருக்கும் என்று பள்ளிப் பாடப் படத்தில் பார்த்த நினைவு. ஓடிப்போய் எங்கள் கிணற்றில், படிக்கட்டில் இறங்கி, மிகவும் பத்திரமாகத் தண்ணீரில் விட்டேன். அது ஓரிரு முறை காலை உதைத்தது. நீந்துகிறது என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் அது மிதந்துகொண்டிருந்தது. அப்பா வாளியை விட்டு எடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலையை நான் இன்றும் மறக்கவில்லை. இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதற்கே அதுதான் காரணம்.

கோயில் தெப்பக்குளத்தில் விடுவதும் அதே கதைதான். புண்ணியம் என்று நினைத்து விடுகிறார்கள். படித்துறையில் ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து களைத்து மூழ்கும்.

அப்படியானால் எப்போதுதான் கையில் எடுக்கலாம்?

உடனடி ஆபத்து இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். சாலையின் நடுவில் இருந்தால், நாயோ காகமோ கீரியோ பிடித்திருந்தால், எறும்பு மொய்த்திருந்தால், தொட்டியில், சிமென்ட் வாய்க்காலில், கிணற்றில் விழுந்திருந்தால், உழவுக்கு டிராக்டர் இறங்கப் போகிறது அல்லது வேலிக்குத் தீ வைக்கப் போகிறார்கள் என்றால், மல்லாந்து கிடந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால்.

இரண்டு விரல்களால் ஓட்டின் இரு பக்கங்களையும் மெதுவாகப் பிடித்து, தரைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு நகர்த்துங்கள். உயரத் தூக்கினால் பயந்து சிறுநீர் கழித்துவிடும். கோடையில் அந்த நீர்தான் அதன் சேமிப்பு. அதை இழந்தால் ஈடுசெய்ய மழைவரை காத்திருக்க நேரும். குஞ்சின் ஓடு இன்னும் இறுகாதது, நகம்போல வளையும். குழந்தைகள் அழுத்திப் பிடித்தாலே உள்ளுறுப்புகளுக்குக் கேடு வரும்.

சாலையில் என்றால் அது எந்தப் பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்திலேயே விடுங்கள். ‘வந்த வழியே’ திருப்பி வைத்தால் மறுபடியும் சாலையில் இறங்கும்.

எறும்பு கடித்திருக்கிறது, ஓட்டிலும் சிறு வெடிப்பு இருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

வீட்டிலிருக்கும் எந்த மருந்தும் போடாதீர்கள். எறும்புகளை மெல்லிய தூரிகையாலோ ஈரத்துணியாலோ எடுத்துவிடுங்கள். கண்ணோரமும் வயிற்றோட்டின் நடுவில் தொப்புள் இருக்கும் இடமும் முக்கியம், எறும்புகள் அங்கேதான் முதலில் கடிக்கும். பிறகு, ஆறிய வெதுவெதுப்பான நீரால் கழுவி, சுத்தமான துணியில் வையுங்கள். வெடிப்பை உப்பு கரைத்த, கொதித்து ஆறிய நீரால் துடைத்து, மேலே சுத்தமான மருத்துவத் துணியைத் தளர்வாகச் சுற்றினால் போதும். மீதி மருத்துவரின் வேலை.

நம் ஊரில் கை தானாகவே சில பொருள்களைத் தேடிப் போகும். மாட்டுப் புண்ணுக்குப் பூசும் டர்பன்டைன் எண்ணெய், கற்பூரம், பினாயில், ஓட்டை ஒட்டும் பசை, மஞ்சள் பற்று: இவற்றில் எதுவும் வேண்டாம். முக்கியமாக ஒன்று. ஆடுமாடுகளுக்கு உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு நஞ்சு. ஒரு துளி என்றாலும் கொடுக்காதீர்கள். ஊர்வன பற்றி அனுபவம் இல்லாத மருத்துவரிடம் போனால் இதை நீங்களே நினைவூட்டுங்கள், அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வயிற்றோட்டின் நடுவே மஞ்சள் நிறத்தில் சிறு பை போலத் தொங்கினால் பயப்பட வேண்டாம். அது உள்ளே போகாமல் நின்ற மஞ்சள்கரு. இழுக்கவோ நறுக்கவோ கூடாது. ஈரத்துணியில், இருட்டான பெட்டியில் அசையாமல் இருந்தால் சில நாள்களில் உடல் அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

வனத்துறையினர் நாளைக் காலையில்தான் வருவார்கள். இன்று இரவு எப்படி வைத்திருப்பது?

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். மூடியில் துளைகள் போட்டு, அடியில் பழைய பருத்தித் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து விரியுங்கள். ஒரு மூலையில் காய்ந்த இலைகளைப் போட்டால் அதற்குள் நுழைந்துகொள்ளும். ஒளிய இடமில்லாத குஞ்சு இரவெல்லாம் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழேயோ ஏ.சி. அறையிலோ வைக்க வேண்டாம். நம் ஊர் அறைவெப்பமே அதற்கு ஏற்றது, விளக்குப் போட்டுச் சூடேற்ற வேண்டிய அவசியமும் இல்லை. பூனை, எலி, எறும்பு அணுகாத இடமாக இருக்கட்டும். பெட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே ஒரு கல்லின்மேல் வைத்தால் எறும்பு ஏறாது. பாட்டி பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வது போலத்தான்.

வாடியிருந்தால், கண் குழிந்திருந்தால், ஒரு சாப்பாட்டுத் தட்டில் விரல் நகத்தளவு ஆழத்துக்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடத்துக்கு மேலே தண்ணீர் ஏறக்கூடாது. அருகிலேயே உட்கார்ந்திருங்கள், தட்டை வைத்துவிட்டுப் போகாதீர்கள். தலையைத் தாழ்த்திக் குடிப்பதைப் பார்க்கலாம். குடித்ததும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பிறகு பெட்டியைத் திறக்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது வேண்டாம். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகளின் உடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும், சிறு குழந்தைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கைத் தரும்.

என்ன சாப்பாடு கொடுக்கலாம்? பால் ஊற்றலாமா?

ஓர் இரவுக்கு உணவே தேவையில்லை. பால், சோறு, ரொட்டி, பிஸ்கட், முட்டை, மீன் தீனி, நாய்த் தீனி எதுவும் ஆகாது. நட்சத்திர ஆமை செடி தின்னும் உயிர்; அதன் குடலுக்குப் பாலைச் செரிக்கத் தெரியாது.

எடுத்துச் செல்வதில் தாமதமாகி இரண்டாம் நாளும் ஆகிவிட்டால், வனத்துறையினரிடம் கேட்டுவிட்டு, அது கிடைத்த இடத்தில் முளைத்திருக்கும் செடிகளையே கொடுங்கள்: இளம் அறுகம்புல், மூக்கிரட்டைக் கீரை, ஒரு செம்பருத்தி இதழ், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளித் துண்டு. பூச்சிமருந்து அடித்த வயலில் பறித்தவையாக இருக்கக் கூடாது. முட்டைக்கோஸும் பசலையும் வேண்டாம். தின்னாவிட்டால் வாயைத் திறந்து ஊட்டாதீர்கள்.

மண் வெட்டும்போது முட்டைகள் வந்துவிட்டன. குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

வெட்டுவதை நிறுத்துங்கள். பார்க்க வெண்மையாக, கோழிமுட்டையைவிடச் சிறிதாக இருக்கும். முட்டையைப் புரட்டக்கூடாது என்பதே இதில் உயிர்நாடி. ஆமை முட்டைக்குள் கரு, இட்ட சில நாள்களிலேயே மேல்புற ஓட்டோடு ஒட்டிக்கொள்கிறது. கோழி முட்டையைப் போலப் புரட்டினால் கரு செத்துவிடும்.

குழி கலையாமல் இருந்தால் அதே மண்ணால் மூடி, சுற்றிலும் நாலு கல் வைத்து அடையாளம் செய்துவிட்டு அந்த இடத்தை விட்டுவிடுங்கள். முற்றிலும் பெயர்ந்துவிட்டால், ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே, அந்த மண்ணையே போட்ட பாத்திரத்தில் வைத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஊர்வனவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே, ‘நானே பொரிக்க வைக்கிறேன்’ என்ற ஆசை வேண்டாம்.

வீட்டிலேயே அன்பாக வளர்த்தால் என்ன தவறு?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காம் பட்டியலில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, புலியும் யானையும் இருக்கும் முதல் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் மூன்றிலிருந்து ஏழாண்டுகள்வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சட்டப்படி அரசுடைமையாகும் விலங்கு எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே காப்பாற்றி எடுத்தவர் பயப்பட வேண்டியதில்லை. எடுத்த உடனேயே தொலைபேசியில் சொல்லி, பேசிய நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. வீட்டில் வளர்ந்து பிறகு மீட்கப்பட்ட ஆமைகளை நான் பார்த்திருக்கிறேன். வெயில் படாத கூடத்தில் தக்காளியும் வெள்ளரியும் தின்று வளர்ந்தவை. சூரிய ஒளியும் சுண்ணாம்புச்சத்தும் இல்லாமல் ஓடு ரப்பர் போல அமுங்கும். கால்கள் வளைந்து நடக்க முடியாமல் வயிற்றை இழுக்கும். இன்னும் சிலவற்றின் ஓடு, குஞ்சுப் பருவத்தில் ஈரக்காற்று இல்லாமல் வளர்ந்ததாலும் பொருந்தாத தீனியாலும் கூம்பு கூம்பாக எழும்பியிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதை மெச்சுகிறவர்களும் உண்டு. அந்த மேடுகள் இனி ஒருபோதும் சமமாகா. பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அந்த உடம்போடுதான் மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டும். இத்தனைக்கும் வளர்த்தவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் வளர்த்தார்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே ஓர் ஆமை இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

இரவோடு இரவாகக் காட்டில் விட்டுவிடாதீர்கள். வழக்கு வருமோ என்று அஞ்சிப் பலர் அதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் வளர்ந்த ஆமைக்கு மூச்சுக்குழல் நோய்கள் இருக்கலாம். அதைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பிவிடும். அதன் பூர்விகம் எது என்பதும் உங்களுக்குத் தெரியாது. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து நட்சத்திர ஆமைகளும் தென்னிந்திய ஆமைகளும் மரபணு அளவில் வேறுபட்டவை. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. வனச்சரக அலுவலரிடம் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். மூக்கில் நீர், வாயில் நுரை, வீங்கிய கண் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பக்கத்திலேயே காடு இருக்கிறது. குஞ்சை அங்கே கொண்டுபோய் விட்டால் நல்லதுதானே?

கண்ட இடம்தான் நல்ல இடம். நட்சத்திர ஆமைக்கு அடர்ந்த காடு வேண்டியதில்லை. முட்புதர், தரிசு, புல்வெளி, மானாவாரிக் காட்டு வரப்பு இவைதாம் அதன் ஊர். எந்தப் புதரடியில் நிழல், எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கும் என்பதை அது காலால் அளந்து கற்கிறது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி விட்டால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும், படிப்பதற்குள் கீரியோ உடும்போ பார்த்துவிடும்.

பறிமுதல் செய்யப்பட்டு, ஊர் தெரியாமல் போன ஆமைகளின் கதை வேறு. எங்கள் தோட்டத்திலிருந்து எல்லை தாண்டினால் வரும் கேரளத்துச் சின்னாறு சரணாலயத்தில் அப்படிப்பட்டவற்றை வைத்துப் பழக்கி விடுவித்திருக்கிறார்கள். அது மருத்துவர்களும் வனத்துறையும் சேர்ந்து, பரிசோதித்து, வேலியிட்ட இடத்தில் பழக்கிச் செய்யும் வேலை. மோட்டார் சைக்கிளில் பையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது அதற்கு ஈடாகாது.

ஒருவர் குஞ்சுக்கு ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். எதற்கு?

வெளிநாட்டுக்குக் கடத்துவதற்கு. உலகில் மிக அதிகம் கடத்தப்படும் தரை ஆமைகளில் இது ஒன்று. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. காலுறைக்குள்ளும் துணிப்பைக்குள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து, ஓடு நசுங்க, தண்ணீரில்லாமல் விமானம் ஏற்றுகிறார்கள். பன்னாட்டு வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2019இல் இந்த ஆமையைத் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. காட்டிலிருந்து பிடித்தவற்றை வணிகத்துக்காக நாடுவிட்டு நாடு கொண்டுசெல்ல அதன்படி வழியே இல்லை. 2018இல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 ஆமைகள் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. வந்தவை 51. போனவற்றை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஐந்நூறு ரூபாய்க்காரரின் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ காவல் துறைக்கோ சொல்லுங்கள். இன்னொன்று: குஞ்சின் படத்தை இடத்தின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். ‘எங்கள் ஊரின் அதிசயம்’ என்று ஒருவர் பெருமையாகப் போட்ட படத்தைப் பார்த்து மறுவாரமே வெளியூர் ஆள்கள் சாக்குப் பையோடு வந்து வேலியோரம் அலைந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்களே? வாசலில் வந்துவிட்டது, பயமாக இருக்கிறது.

அமீனா வந்தால் ஜப்தி நடக்கும், பாத்திரம் பண்டம் போகும். ஆமை வந்தால் எதுவும் போகாது. கல்லாமை, பொறாமை, முயலாமை போன்ற ‘ஆமை’களைத்தான் பழமொழி சொல்கிறது என்று பெரியவர்கள் விளக்கம் தருவதுண்டு, அந்த விளக்கம் எனக்குப் பிடிக்கும். மழைநீரில் வளை நனைந்தாலோ, பக்கத்து மனையில் புதரை வெட்டினாலோ ஒளிய இடம் தேடி உங்கள் திண்ணைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அபசகுனம் என்று கல்லெறிகிறவர்களும், அதிர்ஷ்டம் என்று பிடித்து வைத்துக்கொள்கிறவர்களும் அதற்குச் செய்யும் கேடு ஒன்றுதான். முறத்தில் ஏந்தி அருகிலுள்ள புதர் நிழலில் விடுங்கள்.

கடற்கரையில் குஞ்சுகளைப் பார்த்தால்?

அவை முற்றிலும் வேறு. சென்னையிலிருந்து தெற்கே தை, மாசி, பங்குனியில் முட்டையிடுபவை பெரும்பாலும் பங்குனி ஆமைகள். ஏறக்குறைய 45 முதல் 60 நாள்களில் பொரிந்து இரவில் வெளியே வரும் குஞ்சுகள் கடலின் மேலிருக்கும் வெளிச்சத்தை நோக்கி ஓடும். தெருவிளக்கும் கைபேசி வெளிச்சமும் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். விளக்கை அணைத்து, வழிவிட்டு நில்லுங்கள். தாமாகவே மணலில் நடந்து நீரைத் தொடட்டும். வழிதவறிச் சாலையோரம் கிடப்பவற்றை ஈரமணல் போட்ட பெட்டியில், இருட்டில், தண்ணீர் ஊற்றாமல் வைத்து வனத்துறைக்கோ கடலாமைத் தன்னார்வலர்களுக்கோ சொல்லுங்கள். சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவு நடை நடந்து முட்டைகளைக் காத்துவருகிறது.

இலங்கையில் இருக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

ஆம். இலங்கையின் வறண்ட வலயத்தில் வாழ்வதும் இதே நட்சத்திர ஆமைதான், அங்கேயும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை 1992 என்ற எண்ணில் அழைக்கலாம்.

என் மகள் அதைத் தினமும் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள். மறுநாள் போய்ப் பார்க்கலாமா?

தாராளமாகப் போகலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மழை விட்ட மாலையிலோ கூட்டிப் போங்கள். அப்போதுதான் வெளியே வரும். போகும்போது அவளிடம் சில செய்திகளைச் சொல்லுங்கள். கல்லைப் புரட்டக்கூடாது, புல்லை விலக்கக்கூடாது, கூப்பிடக்கூடாது. வேலியில் ஆமை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். கிளுவையை வெட்டிவிட்டு அடியில் சிமென்ட் வைத்துக் கம்பிவேலி போடும் தோட்டங்களில் ஆமை ஒரு பக்கமே அடைபட்டுவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்தால் ஏறி வர ஒரு சாய்வுப் பலகை போட்டுவைக்கும் வேலையையும் அவளிடம் கொடுக்கலாம்.

முக்கியமாக, வரப்பிலேயே நிற்கச் சொல்லுங்கள். புல்லுக்குள் இறங்க வேண்டாம். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம், இருபது கிராம் சுமாருக்கு எடை. வாடிய இலைக்கு அடியில் தலையை உள்ளிழுத்துக்கொண்டு படுத்திருந்தால் எனக்கே தெரிவதில்லை. அவள் தேடிக்கொண்டிருக்கும் குஞ்சு அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கலாம்.